கைநாட்டும் கையெழுத்தும்

2024 மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்து, ஜூனில் பள்ளி திறந்த வாரம். மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே எங்கள் கணக்கு சார் கேட்டார்: "எம்.எஸ்சி., எம்.எட். முடிச்ச எனக்கும் ஒரே ஓட்டு. ராத்திரி வர்ற கவருக்காகக் கதவைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவனுக்கும் ஒரே ஓட்டு. இது என்ன கணக்கு டீச்சர்?" ஆசிரியர் அறையில் யாரும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு பேர் தலையை வேறு ஆட்டினார்கள். சமூக அறிவியல் நடத்துகிறவள் நான் என்பதால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை என்று சொல்லும் அரசியலமைப்புச் சட்டத்தின் 326-வது பிரிவைச் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஏன் அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்துச் சம்பளமில்லாமல் சொல்லிக் கொடுப்பவர். அவர் சொன்னதை ரயிலில், கல்யாணப் பந்தியில், வங்கி வரிசையில் என்று எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். படித்தவன் யோசித்து ஓட்டுப் போடுகிறான், படிக்காதவன் ஏமாந்து ஓட்டுப் போடுகிறான் என்பது நம்மிடையே நிரூபணமே தேவைப்படாத உண்மையாகிவிட்டது.

முதலில், படித்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்களா? அதே 2024-ல் தமிழகத்திலேயே அதிகமாக ஓட்டுப் பதிவான தொகுதி தர்மபுரி. 81 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஆகக் குறைவு மத்திய சென்னை, 54-ஐக்கூடத் தொடவில்லை. 2011 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. சென்னையில் 90-ஐத் தாண்டியிருந்தது. இதை வைத்துக்கொண்டு சென்னைக்காரர்களைத் திட்டுவது சுலபம். நான் திட்டப்போவதில்லை. வீடு மாறிப் போனவர்கள், இறந்து போனவர்கள் பெயரெல்லாம் நகரத்துப் பட்டியலில் கிடந்து சதவீதத்தைக் கீழே இழுக்கும். தர்மபுரியில் சாதிக் கணக்கு ஆட்களை வாசல்வரை வந்து அழைத்துப் போகும். வரிசையில் நிற்பது வேறு, விவேகம் வேறு. படிப்பு ஏறினால் பொறுப்பும் தானாக ஏறும் என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெளியே நின்ற மகன்

2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு கிராமத்து வாக்குச்சாவடிக்கு நான் தலைமை அலுவலர். நல்ல வெயில் ஏறிய பிறகு ஓர் ஆச்சி வந்தார். கூடவே நாற்பது வயது மதிக்கத்தக்க மகன். "அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது மேடம், நான் கூடப் போய் அமுக்கிட்டு வந்துர்றேன்" என்றார். கண் தெரியாதவர், உடல் நலிவால் பொத்தானை அமுக்க முடியாதவர் ஆகியோருக்குத்தான் துணை அனுமதி உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதது அதற்குக் காரணமாகாது என்று எங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் விடவில்லை. முகவர்களும் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். ஆச்சி மகனைத் திரும்பிப் பார்த்து, "நீ வெளிய நில்லுல. எனக்குத் தெரியும்" என்றார். மகன் வெளியே போய் நின்றார்.

ஓட்டுப் போட வருபவர்களைப் பதியும் 17-ஏ பதிவேட்டில் இடது பெருவிரலை அழுத்தி உருட்டி வைத்துவிட்டு, ஒட்டியிருந்த மையை மேசையில் தேய்க்காமல் தன் முந்தானையின் உள்பக்கத்தில் துடைத்துக்கொண்டார். மறைப்புக்குள் போய்ப் பொத்தானை அமுக்கிய பிறகும் உடனே வெளியே வரவில்லை. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குள் சீட்டு ஏழு விநாடி தெரியும். அது அறுந்து விழும்வரை நின்று பார்த்திருக்கிறார். வெளியே வந்ததும் என் மேசைப் பக்கம் குனிந்து, "நான் போட்ட படம்தான் விழுந்துச்சு. உள்ள போனது போனதுதானே, யாரும் மாத்த மாட்டாங்கல்ல?" என்று கேட்டார். அன்று என் சாவடியில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றே மாலையில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் காரில் வந்து இறங்கினார். வாக்காளர் அட்டை கையில் இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை. "கார்டு இருக்கே, அப்புறம் என்ன?" என்று ஆங்கிலத்தில் சண்டை போட்டார். அட்டை ஆளுக்கு அடையாளம் மட்டும்தான், பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. முகவரி மாறி எவ்வளவு நாளாகிறது, வரைவுப் பட்டியல் வந்தபோது பார்த்தாரா என்று கேட்டேன். அப்படி ஒன்று வருவதே தனக்குத் தெரியாது என்றார். ஆச்சியோ பாகம் எண், வரிசை எண் எழுதிய சீட்டையும் வாக்காளர் அட்டையையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். அவர் யாருக்குப் போட்டார், கவர் வாங்கினாரா, சாதி பார்த்துப் போட்டாரா என்பது எனக்குத் தெரியாது; தெரியவும் கூடாது. ஏழைப் பாட்டிகளை ஞானிகளாக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. தன் ஓட்டு தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

தபால் ஓட்டு மேசை

கணக்கு சாரின் கேள்விக்கு என்னிடம் பதில் என்று ஏதாவது இருந்தால், அது அதற்கு முந்தைய ஒரு தேர்தலில், எண்ணிக்கை மையத்தில் தபால் ஓட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. காலை எட்டு மணிக்கு முதலில் எண்ணுவது தபால் ஓட்டைத்தான். அந்தக் கட்டுகளில் பெரும்பாலானவை தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள், அலுவலர்கள் போட்டவை. தொகுதியிலேயே அதிகம் படித்த வாக்காளர்களை ஒரே மேசையில் கொண்டுவந்து குவித்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். பெரிய உறையைப் பிரித்தால் உள்ளே 13-ஏ உறுதிமொழிப் படிவமும், ஓட்டுச்சீட்டு வைத்து ஒட்டிய சின்ன உறையும் தனித்தனியாக இருக்க வேண்டும். படிவத்தில் வாக்காளர் கையெழுத்திட்டு, அதிகாரி ஒருவரிடம் சான்றொப்பம் வாங்கியிருக்க வேண்டும். படிவம் சரியில்லை என்றால் சின்ன உறையைப் பிரிக்காமலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள். அன்று ஓரமாக வைத்த குவியல் வளர்ந்துகொண்டே போனது. கையெழுத்து இல்லை. கையெழுத்து இருக்கிறது, சான்றொப்பம் இல்லை. படிவத்தையும் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டியிருந்தார் ஒருவர். படிவத்தில் எழுதிய வரிசை எண் ஒன்று, உறைமேல் எழுதியது வேறு. இதையெல்லாம் தாண்டிப் பிரித்த சீட்டுகளில் ஒருவர் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வாக்காளர் யாரென்று தெரிந்துவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. இன்னொரு சீட்டின் ஓரத்தில், நல்ல கரும்பலகைக் கையெழுத்தில், "பழைய ஓய்வூதியத் திட்டம் வேண்டும்" என்று எழுதியிருந்தது. எதிரே இருந்த முகவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "வாத்தியார் ஓட்டாத்தான் இருக்கும்" என்று சிரித்தார். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். யாரும் சிரிக்கவில்லை.

இது என் மேசையின் கதை மட்டும் இல்லை. 2016-ல் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. ஒதுக்கி வைத்த தபால் ஓட்டு 203. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா செல்லாதா என்பதுதான் தகராறு. வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லி மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துவிட்டது. தெலங்கானாவை எடுத்துக்கொண்டால் இன்னும் வேடிக்கை. அங்கே சட்ட மேலவை இருக்கிறது, பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதிகளும் இருக்கின்றன. 2021 மார்ச்சில் அப்படி இரண்டு தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது. பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் எழுத வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் தலா 20,000-க்கு மேல் செல்லாத ஓட்டு. போடுகிற ஒவ்வொருவரும் பட்டம் வாங்கியவர்!

படிவத்தில் கையெழுத்து விட்டுப்போனால் அறிவில்லை என்றாகிவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆகாது. அன்று ஒதுக்கிய உறைகளுக்குள் எவ்வளவு யோசித்துப் போட்ட ஓட்டுகள் இருந்தனவோ. ஆனால் படித்தவருக்கு இந்தச் சலுகையை நாம் கேட்காமலே கொடுக்கிறோம்: படிவம் தப்பு, புத்தி சரி. ஆச்சி விஷயத்தில் அப்படியே திருப்பிப் போடுகிறோம். எழுத்து தெரியாது, ஆகவே புத்தியும் இருக்காது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல பத்தாண்டுகள் எழுத்தறிவுத் தேர்வு வைத்துத்தான் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். கேள்வியைத் தேர்ந்தெடுப்பதும் விடையைத் திருத்துவதும் வெள்ளைக்கார அலுவலர். 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு கட்டியது. தகுதித் தேர்வு என்று ஒன்று வந்தால் வினாத்தாள் யார் கையில் இருக்கும் என்பதை, தேர்வு நடத்தியே வயிறு வளர்க்கும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சிப் வைத்த நோட்டு

படித்தவர் எப்படி நம்புகிறார் என்பதற்கு எங்கள் ஆசிரியர் அறையிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தபோது, புதிய 2,000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, மண்ணுக்கடியில் பதுக்கினாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த நோட்டில் எந்தச் சிப்பும் கிடையாது. ஆனால் எங்கள் அறையில் ஓர் அறிவியல் ஆசிரியர், சமிக்ஞை எப்படிப் போய்த் திரும்பும் என்று படம் போட்டே விளக்கினார். மின்கலம் இல்லாமல் அது எப்படி இயங்கும் என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. பள்ளி வாசலில் பூ விற்கிற அக்காவிடம் இந்தக் கதை எடுபடவில்லை. "ரெண்டாயிரத்துக்கு எங்க டீச்சர் சில்லறைக்குப் போவேன்?" என்று கேட்டார். அந்த நோட்டைப் பற்றி அன்று எங்கள் தெருவில் யாரும் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். படிப்பு பொய்யைக் கண்டுபிடிக்க உதவும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பல நேரம் அது, பிடித்த பொய்க்குப் படம் போட்டுக் கொடுக்கத்தான் உதவுகிறது.

ஓட்டுக்கு வருவோம். ஆசிரியர்கள் எதை வைத்து ஓட்டுப் போடுகிறோம்? 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ஓய்வூதியம் என்பார்கள். அகவிலைப்படி, ஊதிய முரண்பாடு என்று பட்டியல் நீளும். இதில் தப்பே இல்லை. நானும் அதைக் கணக்கில் வைத்துத்தான் போடுகிறேன். ஆனால் இதையே பூக்கார அக்கா, "பஸ்ஸுல டிக்கெட் இல்லைன்னதும் மாசம் ஒரு தொகை கையில நிக்குது, அதான் போட்டேன்" என்று சொன்னால், இலவசத்துக்கு விலை போய்விட்டார் என்கிறோம். என் ஓய்வூதியமும் அவருடைய பஸ் பயணமும் ஒரே கஜானாவிலிருந்துதான் வருகின்றன. என்னுடையதுதான் பெரிய தொகை. கவரில் வரும் பணம் வேறு விஷயம். அது குற்றம்; கொடுப்பவனுக்கும் குற்றம், வாங்குபவனுக்கும் குற்றம். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு 'திருமங்கலம் ஃபார்முலா' என்று ஒரு பெயரே வந்துவிட்டது. 2017-ல் ஆர்.கே.நகரில் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆர்.கே.நகர் இருப்பது சென்னையில், எழுத்தறிவு 90 சதவீதமுள்ள ஊரில்.

1952-ல் யாருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது?

நாட்டின் முதல் பொதுத் தேர்தலை நடத்திய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், லண்டனில் கணக்குப் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். எங்கள் கணக்கு சாரின் ஆள் என்று சொல்லலாம். 1951-ல் இந்தியாவின் எழுத்தறிவு 18 சதவீதத்தை ஒட்டி. அவர் செய்தது, வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து அதன்மேல் சின்னத்தை ஒட்டியதுதான். படிக்கத் தெரியாதவரைத் தேர்தலுக்கு ஏற்றாற்போல் மாற்றவில்லை; தேர்தலை அவருக்கு ஏற்றாற்போல் மாற்றினார். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்து, சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயரை அவர் பட்டியலிலிருந்து நீக்கியதும் உண்மை. அது கடுமையான முடிவு. அதில்கூட அவர் கேட்டது பெயரைத்தான், படிப்பை இல்லை.

அந்தத் தேர்தலில் நம் சென்னை மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். அரிசிப் பங்கீடும் தானியக் கட்டுப்பாடும் ஜனங்களை வாட்டிய காலம். காங்கிரஸுக்கு 375 இடங்களில் 152-தான் கிடைத்தது. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். வாழ்க்கையில் முதன்முறையாக ஓட்டுப் போட்ட கைநாட்டுகள் முதலமைச்சரை வீட்டுக்கு அனுப்பின. பிறகு வந்த ராஜாஜி ஜனங்கள் சொன்னதைப் புரிந்துகொண்டார். பதவியேற்ற சில மாதங்களுக்குள் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அவர் படிப்பைப் பற்றி யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அவர் மேலவைக்கு நியமனமாகி முதலமைச்சரானவர், எந்தத் தொகுதியிலும் போய் ஓட்டுக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டே அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தபோது, பள்ளிக்கூடத்தையே பார்க்காத தகப்பன்மார்கள்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை உடனே கண்டுபிடித்தார்கள். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் உயர்நிலைப் பள்ளியைக்கூட முடித்தவரில்லை. அவர் பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று, ஜனங்களிடம் ஓட்டு வாங்கினார். திட்டம் போனது, பள்ளிகள் பெருகின, சாப்பாடு வந்தது. படித்துவிட்டு ஓட்டுப் போட வா என்று அன்று சொல்லியிருந்தால், அந்தப் பள்ளிகளைக் கட்டச் சொல்ல யார் இருந்திருப்பார்கள்?

இங்கேயே கதையை நிறுத்தினால் எனக்குச் சௌகரியம்தான். ஆனால் 1967 இருக்கிறது. அதே காமராஜரை, சொந்த ஊரான விருதுநகரில், 1,285 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். அவர் திறந்த பள்ளிகளில் படித்து வந்த தலைமுறைதான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் முன்னால் நின்றது. அது நன்றி கெட்ட ஓட்டா, தெளிவான ஓட்டா? என் அப்பாவிடம் கேட்டால் ஒரு பதில், பெரியப்பாவிடம் கேட்டால் நேர் எதிரான பதில். இரண்டு பேரும் படித்தவர்கள். விவேகமான ஓட்டு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி, நாம் போட்ட ஓட்டுதான்.

இந்த வாதம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஹரியாணாவில் ஊராட்சித் தேர்தலில் நிற்பதற்கே படிப்புத் தகுதி வைத்தார்கள். பொதுவாகப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கொஞ்சம் குறைத்து. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நல்லது கெட்டதைப் பகுத்துப் பார்க்கும் சக்தியைத் தருவது கல்வி ஒன்றுதான் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. முப்பது வருடம் கல்வியைக் கொடுக்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு பெரிய பொறுப்பை எங்கள் தலையில் கட்ட வேண்டாம். ஊரில் பள்ளி கட்டாதது அரசாங்கம், அதனால் படிக்காமல் போனது அந்தப் பெண், தண்டனை அவளுக்கா? ராஜஸ்தான் அரசும் இப்படி ஒன்று கொண்டுவந்து, ஆட்சி மாறியதும் 2019-ல் எடுத்துவிட்டது.

அப்படியானால் படிப்பால் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண், நூறு நாள் வேலை அட்டையில் தன் அம்மா போகாத நாளுக்கு வருகை போட்டிருப்பதைப் படித்துப் பார்த்து, கிராம சபையில் எழுந்து கேட்டாள். அவள் அம்மாவுக்கும் விஷயம் தெரியும். தாளைக் காட்டிக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். யாரை நம்பக்கூடாது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்பது மகளுக்குத் தெரிந்தது.

தாள் என்றதும் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம் ஞாபகத்துக்கு வருகிறது. ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் சொல்லித் தாக்கல் செய்கிறார். தேர்தல் நடத்தும் அலுவலகப் பலகையில் ஒட்டுகிறார்கள், இணையத்தில் ஏற்றுகிறார்கள். பக்கம் பக்கமாகச் சட்ட நடை. எங்கள் ஆசிரியர் அறையிலேயே அதை முழுதாகப் படித்தவர் ஒருவரும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். இதை வேட்பாளருக்கு அரைப் பக்கமாகச் சுருக்கி, எளிய தமிழில், ரேஷன் கடை வாசலில் ஒட்டி, ஓட்டுப் பதிவுக்கு முந்தைய வாரம் ஊர்ப் பொது இடத்தில் ஒருவர் சத்தமாகப் படித்தால் போதும். ஆச்சிக்குப் படிக்கத்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கிறது. படிப்பதற்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வருடம் இதை மனுவாக எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு நடைமுறை இல்லை என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை கணக்கு சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தேதி போட மறந்துவிட்டு.